பன்னிரண்டாம் பட்டை

பின்பக்கம் தூக்கிக்கிட்டு நிற்குதே என்றுதானே அப்படிக் குனிந்து பார்க்கிறீங்க? நல்லாப் பாருங்க. எண்ணிக்கூடப் பாருங்க. அச்சுக்கு மேலே அடுக்கியிருக்கிற வில்லுப் பட்டை, ஒரு பக்கத்துக்குப் பதினொண்ணு. கம்பெனியிலிருந்து வந்தபோது ஏழுதான். மிச்சம் நாலும் நான் போட்டது. எண்பத்தொன்பதாம் வருஷத்து ஜீப், இத்தனை வருஷம் இந்த மலையில் ஏறி இறங்கியும் இன்றைக்கும் முதுகு நிமிர்ந்து நிற்கிறது என்றால் அது இந்தப் பட்டையால்தான். கோயம்புத்தூரிலிருந்து இதற்காகவே வந்திருக்கீங்க, ஏமாற மாட்டீங்க. கூட வந்தவர் நல்ல கனத்த உடம்பு ஆள், வெயிலில் நிற்கிறார் பாருங்க. அந்தப் புங்கமரத்தடிக்குப் போகச் சொல்லுங்க.

அந்த அம்மிக்கல்லா? அது வண்டியோட சேர்ந்ததுதான். சொல்றேன்.

ஏன் விற்கிறேன் என்று கேட்டீங்களே, அதுக்கு முதலில் பதில் சொல்லிடறேன். வண்டியில் ஒரு குறையும் இல்லை. மனுஷங்ககிட்டதான் குறை. போன ஆவணியில் என் மச்சானுக்குக் கல்யாணம். ஒண்ணுவிட்ட மச்சான் இல்லை, என் பெண்டாட்டி பவுன்தாயோட கூடப்பிறந்த அண்ணன். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் முதல் தாம்பூலம் யாருக்கு? தங்கச்சி புருஷனுக்கு. எங்க சனத்தில் அது மாறாது. எனக்கு ஒரு பத்திரிகைகூட வரவில்லை. ஜீப் ஸ்டாண்டு டீக்கடைக்கு வந்தது. பட்டறை லத்தீப் பாய்க்கு வந்தது. செக்போஸ்ட்டில் நிற்கிற ஃபாரஸ்ட் கார்டுக்குக்கூடப் போயிருக்கிறது, தம்பி. எனக்கு இல்லை. நியாயமா என்று நீங்களே கேட்டுச் சொல்லுங்க.

மச்சான் பெயர் பெத்தணசாமி. கல்யாணச் சமையல்காரன். நாற்பத்துமூணு வயசு வரைக்கும் ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் பந்தி போட்டான், அவனுக்கு என்று ஒரு பந்தி அமையவில்லை. உடம்பு அப்படி. நின்றான் என்றால் வாசற்படியில் வெளிச்சம் வராது. எங்களோடுதான் மேலக்கோம்பையில் இருந்தான். நான் ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. பவுன்தாயைக் கேட்டுப் பாருங்க. கேட்க முடியாது, அவள் இங்கே இல்லை. சரி விடுங்க.

போன மாசியில் மேலக்கோம்பையில் சமுதாயக்கூடம் கட்ட ஆரம்பித்தார்கள். இனிமேல் கல்யாணம் காதுகுத்துக்கு யாரும் போடிக்கு இறங்க வேண்டாம், எல்லாம் மேலேயே நடக்கும் என்று. சிமெண்ட், கம்பி, தகரம், எல்லாம் கீழேயிருந்து போகணும். பதினாலு கிலோமீட்டர். ரோடு என்று சொல்வார்கள், பாறைதான். ஏழு பட்டையில் பத்து மூட்டை வைத்தாலே வண்டி பின்னங்காலை மடக்கி உட்கார்ந்துவிடும். எனக்கு இருபது மூட்டை போகணும். அதனால் லத்தீப் பாய் பட்டறைக்குப் போனேன். கமான் பட்டை வேலையில் அவரை மிஞ்ச இந்தப் பக்கம் ஆள் கிடையாது.

பாய் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து சொன்னார். "சுருளி, பட்டையைக் கூட்டுறது பெருசில்ல. காலி வண்டி என்ன பண்ணும்னு யோசிச்சியா? பாரத்துக்குப் போட்ட பட்டை பாரம் இல்லேன்னா வெறும் கட்டைதான். குழியில விழுந்தா வளையாது. மேல இருக்கிறவனைத் தூக்கி அடிக்கும்."

"அப்ப என்னதான் பாய் பண்றது?"

"மேல தனியா ஒரு செட்டு வச்சுத் தர்றேன். காலியா ஓடும்போது அது தொடவே தொடாது. பாரம் ஏறி வண்டி அமுங்குனாத்தான் வந்து தோள் குடுக்கும். சாமான் மதுரையிலிருந்து வரணும். பத்து நாள் குடு."

பத்து நாள்! சிமெண்ட் வந்து கீழே கிடக்கிறது. நான் சொன்னேன்: "வேணுங்கிறப்ப மட்டும் வந்து தோள் குடுக்கிறதுக்குச் சொந்தக்காரனே கிடையாது பாய், இரும்பு குடுக்குமா? அந்தா கிடக்குதே பழைய வேன் பட்டை, அதை அறுத்து நாலு நாலு போடுங்க." ஸ்டாண்டுக்காரன் எல்லாம் சிரித்தான். பாய் சிரிக்கவில்லை. மத்தியானத்துக்குள் போட்டுக் கொடுத்தார். ஷாக் அப்சார்பரையும் இதுக்குத் தகுந்த மாதிரி மாற்று என்றார். பழசே போதும் என்றேன். கிளம்பும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சீசன்ல காலியா ஓடவேண்டி வந்தா வா. கழட்டி விடுறேன். நாலு யூ போல்ட்டுதான், ஒரு மணி நேர வேலை."

முதல் லோடு இருபது மூட்டை. அடடா, தம்பி, அந்தச் சுகத்தை எப்படிச் சொல்றது? இந்த மலையில் முப்பது வருஷமாக ஓட்டுகிறேன், அன்றைக்குத்தான் வண்டி ஓட்டினேன். பாறையில் ஏறினால் தெரியவில்லை, பள்ளத்தில் இறங்கினால் தெரியவில்லை. தாய் மடியில் போகிற மாதிரிப் போனது.

கீழே இறங்கும்போதுதான் சனியன் பிடித்தது. பங்குனி, சித்திரை, வைகாசி மூணு மாசமும் எங்க மலையிலிருந்து இறங்குகிற லோடு என்ன? இலவம் பஞ்சு. மேலே காயை உடைத்துப் பஞ்சை எடுத்து மூட்டை கட்டி வைத்திருப்பார்கள். வண்டிமேல் கோபுரம் மாதிரி ஏற்றலாம், எடை இருக்காது. பாய் சொன்ன காலி வண்டிதான். மூணாவது வளைவில் ஒரு குழி, அவ்வளவுதான், பின்பக்கம் அந்தரத்தில் போய்விட்டுத் திரும்பி வந்தது. நாலு மூட்டை பறந்து பாறையில் விழுந்து வெடித்தது. காடு முழுக்கப் பஞ்சு. குரங்கெல்லாம் வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. பஞ்சு வியாபாரி பேசின பேச்சு என் அப்பன்கூடப் பேசியதில்லை.

பாரத்துக்குக் கல்லை ஏற்றிப் பார்த்தேன். கல் வளைவுக்கு வளைவு உருளுகிறது, பின்கதவைப் பிளந்துவிட்டது. செக்போஸ்ட்டில் கார்டு வேறு, "காட்டுக் கல்லை எங்கடா கடத்துற?" என்கிறான். அதோடு கல்லை ஏற்ற ஒரு ஆள், இறக்க ஒரு ஆள்.

அப்போதுதான் மச்சான் வந்து நின்றான். "மாப்ள, போடிக்குத்தானே? மல்லி மிளகா வாங்கணும், நானும் வர்றேன்." முன்சீட்டில் வியாபாரி இருந்தார். பின்னாடி ஏறு என்றேன். மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பொந்து விட்டு, அச்சுக்கு நேராக அவனை உட்காரவைத்து, மேலே இரண்டு மூட்டை வைத்துக் கயிற்றைப் போட்டுக் கட்டினேன். வண்டி கம்மென்று இறங்கியது. ஒரு மூட்டை ஆடவில்லை. எனக்குச் சிரிப்பு. பத்து நாள் கேட்டாரே பாய்!

மறுநாள் காப்பிக்கொட்டை வாங்குகிற கடை எடைமேடையில் அவனை நிறுத்தினேன். எல்லாரும் பார்க்கத்தான். நூற்றுப் பன்னிரண்டு கிலோ. "ரெண்டேகால் மூட்டை சிமெண்ட்டுடா!" என்று கத்தினேன். கல்லைவிட இது எவ்வளவோ வசதி, தம்பி. தானே ஏறிக்கொள்ளும், தானே இறங்கிக்கொள்ளும். கார்டு கேட்டால் பதில் சொல்லும்.

அன்றையிலிருந்து ஒவ்வொரு பஞ்சு லோடுக்கும் மச்சான்தான் பாரம். வாரத்துக்கு அஞ்சு நடை. போடி ஸ்டாண்டில் அவனுக்குப் பெயரே வந்துவிட்டது. பதினோரு பட்டை இரும்பு, பன்னெண்டாவது பட்டை கறி. வண்டி வளைவில் திரும்பும்போதே, "பன்னெண்டாம் பட்டை வந்துருச்சுடோய்!" என்று கூவுவார்கள். அவனும் பஞ்சுக்குள்ளிருந்து கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டுவான். கோபிக்கத் தெரியாத ஆள். இதை எதுக்குச் சொல்றேன் என்றால், பிற்பாடு, அவனைக் கொடுமைப்படுத்தினேன் என்று ஒரு பேச்சு வந்தது. சிரிக்கிற மனுஷனை எப்படித் தம்பி கொடுமைப்படுத்த முடியும்?

சத்தம் வரும், அது உண்மை. குழியில் விழும்போதெல்லாம் மூட்டைக்குள்ளேயிருந்து "ஹுக்" என்று ஒரு சத்தம். எனக்கு அது பழகிவிட்டது. ஹுக் வந்தால் பாரம் இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். முன்சீட்டில் புதுசாக யாராவது ஏறினால் பயந்து கேட்பார்கள், "அண்ணே, பின்னாடி ஏதோ கத்துதே?" "என் பெண்டாட்டியோட அண்ணன். பஞ்சு மெத்தையில படுத்துக் கனாக் காணுறான்" என்பேன்.

நீங்களே சொல்லுங்க. சுற்றிலும் பஞ்சு. தலைக்கு மேலே பஞ்சு. பஞ்சில் உட்கார்ந்து வருகிறவனுக்கு என்ன வலி இருந்துவிடப் போகிறது? அடியில் பலகைதான், சரி. அவனுக்குக் கீழே பஞ்சு வைத்தால் அவன் பாரம் அச்சில் இறங்காதே. தொழில் தெரிந்தவனுக்குத்தான் அது புரியும்.

ஒரு நாள் இறங்கும்போது சொன்னான். "மாப்ள, பட்டைக்கெல்லாம் எண்ணெய் விடுறீங்கல்ல, இந்தப் பட்டைக்கும் கொஞ்சம் விடுங்களேன். இடுப்பு கெட்டியாப் புடிச்சிருக்கு." நான் சளைத்தவனா? எஞ்சினில் வடித்த கறுப்பு எண்ணெயை ஒரு டப்பாவில் ஊற்றி, ஸ்டாண்டே பார்க்க, சட்டையைத் தூக்கி இடுப்பில் தடவிவிட்டேன். சிரித்தாய்ங்க பாருங்க, டீக்கடைக்காரன் பாலைக் கொட்டிவிட்டான். மச்சானும் சிரித்தான். கண்ணில் தண்ணி வரச் சிரித்தான். அந்தச் சட்டை பிறகு வெளுக்கவே இல்லை என்று பவுன்தாய் ஒரு வாரம் முணுமுணுத்தாள்.

இதுக்கு நடுவில்தான் சம்பந்தம் வந்தது. போடியில் இட்லிக்கடை வைத்திருக்கிற பெண், பெயர் சந்தனமாரி. புருஷன் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஏதோ ஒரு கல்யாணத்தில் மச்சான் வைத்த சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, இதை வைத்தது யார் என்று கேட்டிருக்கிறாள். சாம்பார் கூட்டி வைத்த சம்பந்தம். பவுன்தாய்க்குத் தலைகால் புரியவில்லை. ஆவணியில் கல்யாணம், புதுச் சமுதாயக்கூடத்தில் முதல் தாலி எங்க அண்ணன் கட்டுற தாலிதான், நாத்தனார் முடிச்சு நான்தான் போடுவேன் என்று மலை முழுக்கச் சொல்லிவிட்டாள். மச்சான் தலையில் எண்ணெய் வைத்துச் சீவ ஆரம்பித்தான். பஞ்சுக்குள் உட்காரப் போகிறவனுக்குச் சீவல் எதுக்கு?

அப்போது வைகாசி பிறந்திருந்தது. "காலு மதமதங்குது மாப்ள, பாதம் தரையில இருக்கா இல்லையான்னே தெரியல" என்று ஒரு நாள் சொன்னான். பஞ்சு ஒட்டியிருக்கும், தட்டிவிடு என்றேன். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் பவுன்தாய் சோற்றைப் போட்டுவிட்டு நின்றாள்.

"ஏங்க, அந்தப் பட்டையக் கழட்டிருங்க. லத்தீப் அண்ணன் ஒரு மணி நேர வேலைன்னாரு."

"கழட்டுனா சிமெண்ட்டு உன் தலையிலயா ஏறும்?"

"அப்ப பஞ்சுக்கு வேற வண்டி சொல்லுங்க. கல்யாணம் ஆகப்போற மனுசன். குனிஞ்சு அடுப்பு மூட்ட முடியல அவனுக்கு."

"உன் அண்ணனுக்குச் சமைக்கச் சோம்பல். அதுக்கு என் வண்டி மேல பழியா?"

அவள் சோற்றுச்சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எப்போதும் பேசுகிறவள் பேசாமல் போனால் அதையும் நான்தான் கவனிக்கணுமா?

சந்தனமாரி அவனைத் தனியாகப் பார்க்கணும் என்றாள் போலிருக்கிறது. பொம்பளைங்க இரண்டு பேரும் பேசி வைத்து, லோடு இறங்குகிற நேரத்துக்கு அவள் ஸ்டாண்டு டீக்கடைக்கு வருகிற மாதிரி ஏற்பாடு. பவுன்தாய் எனக்கும் சொன்னாள். "இன்னைக்காச்சும் அவனை முன்சீட்டுல கூட்டிட்டுப் போங்க. நல்ல சட்டை போட்டிருக்கான்." அதெப்படி, முன்னாடி உட்கார்ந்தால் பாரம்? வழக்கம்போல அச்சுக்கு மேலேதான் வைத்தேன்.

ஸ்டாண்டில் போய் நிறுத்தினேன். அவள் நிற்கிறாள், கையில் ஒரு தூக்குவாளி. நான் கயிற்றை அவிழ்த்துவிட்டு, கல்யாணக் களை இருக்கட்டுமே என்று, உரக்கக் கூப்பிட்டேன்: "பன்னெண்டாம் பட்டை! பொண்ணு வந்திருக்கு, இறங்கு!" ஸ்டாண்டே திரும்பியது. மூட்டையை விலக்கினால் உட்கார்ந்திருக்கிறான். தலை, மீசை, புருவம் எல்லாம் பஞ்சு. இறங்கடா என்றால் இறங்கவில்லை. இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தாய்ங்க. கால் தரையில் பட்டது, நிற்கவில்லை. அப்படியே அவளுக்கு முன்னாடி முழங்காலில் விழுந்தான். "பாருடா, இப்பவே கால்ல விழுறான்!" என்றேன். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. வேட்டி வேற நனைந்திருந்தது. அவனுக்கே அது தெரியவில்லை, கூட்டம் பார்க்கிற இடத்தைப் பார்த்துத்தான் குனிந்து பார்த்தான்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து, முந்தானையால் அவன் கண்ணில் இருந்த பஞ்சைத் துடைத்தாள். ஒவ்வொரு இழையாக எடுத்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எத்தனை நாளா இவரை இப்படிக் கொண்டாறீங்க?"

"சீசன் பூராந்தேன்."

"நீங்க பின்னாடி உக்காந்து ஒரு தடவை வந்திருக்கீங்களா?"

"நான் பின்னாடி உக்காந்தா வண்டிய உன் அப்பனா ஓட்டுவான்?"

சரியான பதில்தானே? ஆனால் அப்போது யாரும் சிரிக்கவில்லை. நம்ம ஸ்டாண்டுக்காரன் இருக்கானே, அவனை நம்பி ஒரு பேச்சுப் பேச முடியாது.

அவள் பவுன்தாய்க்குச் சொல்லி அனுப்பினாள்: எனக்குச் சம்மதம், ஆனா இனிமே அவரை அந்த வண்டியில ஏத்தக் கூடாது, ஆஸ்பத்திரிக்குக் காட்டணும். கல்யாணத்துக்கு முன்னாடியே அதிகாரம் பார்த்தீங்களா? நான் மச்சானிடம் கேட்டேன், என்னப்பா, உன் பொண்டாட்டி பேச்சா, என் பேச்சா என்று. அவன் இரண்டு பக்கமும் தலையை ஆட்டினான்.

ஆனால் நடை நடந்துகொண்டுதான் இருந்தது. ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. வண்டி மறுபடி லேசாகத் துள்ள ஆரம்பித்தது. என்னடா என்று பார்த்தால், மச்சான் இளைத்துவிட்டான். சாப்பிடுகிறதில்லை. சாப்பிட்டால் இறங்க வேண்டியிருக்குமே, வழியில் இறங்கி ஏற முடியாதே என்று வயிற்றைக் காயப்போட்டிருக்கிறான். எடைமேடையில் நிறுத்தினேன். தொண்ணூற்றேழு. பதினஞ்சு கிலோவைக் காணோம். என் வண்டிப் பாரம், தம்பி, கேட்காமல் குறைத்துக்கொண்டான்.

அதுக்குத்தான் இந்த அம்மி. அவன் சமையலுக்குத் தூக்கிக்கொண்டு போகிற சின்ன அம்மிதான். பதினஞ்சு கிலோ சரியாக இருந்தது. மடியில் வைத்துக் கட்டிவிட்டேன். "உன் கல்லுதானே மச்சான், வேற யாரோடதுமா?" என்றேன். அவன் அதைக் குழந்தையைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டான்.

வைகாசிக் கடைசி. சீசனில் ஒரே ஒரு லோடு பாக்கி. மேலே சமுதாயக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. பவுன்தாய் கூறைப்புடவை எடுக்கப் போடிக்கு வருகிறேன் என்றாள். மச்சானும் வரணும், சட்டைக்கு அளவு கொடுக்கணும், அப்படியே ஆஸ்பத்திரி. "ரெண்டு பேரும் முன்னாடியே உக்காந்துக்கிறோம்" என்றாள். முன்னாடி அத்தனை பாரம் வைத்தால் வண்டி மூக்கில் குத்தும் என்றேன். மச்சான் அன்றைக்குத்தான் முதல் தடவையாக எதிர்த்து வாயைத் திறந்தான். "மாப்ள, நடந்து வேணா வர்றேன்." நாலு எட்டு சுவரைப் பிடித்து நடக்கிறவன், பதினாலு கிலோமீட்டர் நடப்பானாம்.

நான் கோபப்படவில்லை. அமைதியாகத்தான் சொன்னேன். "சரி. கடைசி லோடு கெடட்டும். ஆனா நாத்தனார் முடிச்சுப் போட பவுன்தாயை நான் அனுப்ப மாட்டேன். தங்கச்சி இல்லாம, ஊர் பார்க்க, நீயே மூணு முடிச்சும் போட்டுக்க."

பவுன்தாய் என்னைப் பார்த்தாள். மச்சான் அவளைப் பார்த்தான். பிறகு பின்பக்கம் போய்க் கையை நீட்டினான், தூக்கிவிடச் சொல்லி. அம்மியைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். அவனாகக் கேட்டு வாங்கினான், அதையும் குறித்துக்கொள்ளுங்க.

முதல் நாலு வளைவு வரைக்கும் ஹுக், ஹுக் என்று கேட்டது. ஒவ்வொன்றுக்கும் பவுன்தாய் பல்லைக் கடித்தாள். அஞ்சாவது வளைவில், மழை அரித்துப்போட்ட பள்ளம் ஒன்று இருக்கிறது, அதில் கொஞ்சம் வேகமாக இறங்கிவிட்டேன். அப்போது ஒரு சத்தம் வந்தது. ஹுக் இல்லை, வேறே. அதுக்கப்புறம் ஒன்றுமில்லை. எத்தனை குழி வந்தாலும் ஒன்றுமில்லை. "பாத்தியா, தூங்கிட்டான். நீதான் என்னமோ அலட்டிக்கிட்டே" என்றேன் அவளிடம். வண்டி அருமையாக இறங்கியது. சீசனிலேயே நல்ல நடை அதுதான்.

செக்போஸ்ட் பாதி வழியில் இருக்கிறது. கார்டு வழக்கம்போல மூட்டையைக் கம்பியால் குத்திப் பார்த்துவிட்டு, "யோவ் சமையலு, இறங்கு, உள்ள பாக்கணும்" என்றான். பதில் இல்லை. மூட்டையை விலக்கினான். மச்சான் முழித்துக்கொண்டுதான் இருந்தான். அம்மியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். உதடு முழுக்கப் பல் பதிந்து ரத்தம்.

"பவுனு," என்றான். "இடுப்புக்குக் கீழ நான் இருக்கேனான்னு பாரு."

அவள் காலைத் தொட்டாள். கிள்ளினாள். பிறகு அவன் பெருவிரலைப் பிடித்து முறுக்கினாள், எனக்கே வலித்தது. அவன் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், தொட்டாளா இல்லையா என்று தெரிந்துகொள்ள.

நான் என்ன மனுஷன் இல்லையா? "சீக்கிரம் கட்டுங்க, அரை மணியில ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ப் போடுறேன்" என்று சாவியைத் திருகினேன். பவுன்தாய் முன்னாடி வந்து வண்டிக்கு எதிரே நின்றாள். "அணைச்சிருங்க." அவ்வளவுதான் சொன்னாள். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் என்னிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை அது.

காப்பித் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஆட்களைக் கூப்பிட்டாள். கார்டு ஒரு மூங்கில் கழி கொடுத்தான், கம்பளி கொடுத்தான். பஞ்சு மூட்டை கட்டியிருந்த என் கயிற்றை அவிழ்த்து டோலி கட்டினார்கள். கேட்கவில்லை, என் கயிறு. எட்டுப் பேர் மாற்றி மாற்றித் தூக்கினார்கள், ஏழு கிலோமீட்டர். பக்கத்தில் வண்டி நிற்கிறது, டீசல் இருக்கிறது, டிரைவர் இருக்கிறேன். மனுஷத் தோளில் கொண்டுபோகிறார்கள். அவமானம் யாருக்கு?

நானும் பின்னாடியே போனேன். ஆரன் அடித்துக்கொண்டே போனேன். யாரும் திரும்பவில்லை. ஒவ்வொரு குழிக்கும் வண்டி துள்ளியது, தம்பி. கயிறும் இல்லையா, மூட்டை ஒவ்வொன்றாக விழுகிறது. ஸ்டியரிங் கையில் நிற்கவில்லை. என் நெஞ்செலும்பு வரைக்கும் அடித்தது. அன்றைக்குத்தான் எனக்கு நல்லாத் தெரிந்தது, அந்த அடி என்ன அடி என்று. அவன் மட்டும் பின்னாடி இருந்திருந்தால் அப்படித் துள்ளியிருக்காது.

பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் பண்ணினார்கள். கால் வராது என்று சொல்லிவிட்டார்கள். அதுக்கப்புறம் அந்தப் பெண் விலகிக்கொள்வாள் என்றுதான் நான் நினைத்தேன், ஊரே நினைத்தது. ஆவணியில், சொன்ன தேதியில், இட்லிக்கடை வாசலில் பந்தல் போட்டுக் கட்டிக்கொண்டாள். சமுதாயக்கூடத்துக்கு அவனைத் தூக்க முடியாதே. முதல் முடிச்சு அவன் போட, மிச்ச இரண்டும் பவுன்தாய் போட்டாளாம். நான் அனுப்பாமலே போய்ப் போட்டாள். முதல் தாம்பூலம் லத்தீப் பாய்க்குக் கொடுத்தார்களாம். டோலி தூக்கின எட்டுப் பேருக்கும் அடுத்தடுத்து. எனக்கு உரியது, தம்பி. என் கைக்கு வரவேண்டியது.

இப்பவும் தினம் அந்தக் கடை வழியாகத்தான் போகிறேன். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சாம்பாருக்குத் தாளிக்கிறான். பவுன்தாய் இலை போடுகிறாள். நான் ஆரன் அடிப்பேன். திரும்ப மாட்டான். என் வண்டி ஆரன் அவனுக்குத் தெரியாதா? மூணு மாசம் வண்டியிலேயே கிடந்தவன். நன்றி என்று ஒன்று இருக்கா பாருங்க.

பட்டையைக் கழற்றினீங்களா என்று கேட்கிறீங்களா? எதுக்கு? சிமெண்ட் லோடு வந்தால்? ஒரு மணி நேர வேலைதான், வேணும் என்றால் நீங்க கழற்றிக்கொள்ளுங்க. லத்தீப் பாயிடம் நான் அனுப்பினேன் என்று மட்டும் சொல்லாதீங்க.

சரி, பேசிக்கிட்டே இருந்தால் எப்படி, ஓட்டிப் பார்க்க வேணாமா? வாங்க, அஞ்சாவது வளைவு வரைக்கும் ஒரு நடை போய் வருவோம். நீங்க முன்னாடி ஏறுங்க. காலியாகப் போனால் வண்டியோட அருமை உங்களுக்குத் தெரியாது. மரத்தடியில் நிற்கிறாரே, அவர் உங்களுக்கு என்ன வேணும்?

மச்சானா! அதைச் சொல்ல மாட்டீங்களா இவ்வளவு நேரமா? வாங்க மச்சான், வாங்க, பின்னாடி ஏறுங்க. அங்கே இல்லை, இன்னும் கொஞ்சம் தள்ளி, அச்சுக்கு நேரா. ஆங், அதுதான் இடம்.

தம்பி, அந்த அம்மியை எடுத்து அவர் மடியில் வைங்க.